வேஸ்ட் என்று பெயர் வைத்த ஃபோல்டர்

நீங்கள் அடுத்த வாரம் ஊர்களுக்குப் போய் முதல் வகுப்பு எடுக்கப் போகிறீர்கள். கையில் கொடுத்திருக்கும் பாடத்திட்டத்தில் முதல் நாளுக்கு எதிரே "கம்ப்யூட்டரைத் தயார் செய்தல்: அரை மணி நேரம்" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியை எழுதியவள் நான்தான். அதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

பாறசாலையில் நம் சென்டரில் இருபத்தேழு வருடம் சொல்லிக்கொடுத்தேன். அங்கே லேபில் இருந்த மெஷின்கள் எல்லாம் ஒரே நாளில் வந்தவை, ஒரே மாதிரி. ஒன்றில் ஏற்றியதை எல்லாவற்றிலும் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது. மாணவர்கள் வந்து உட்காரும்போது எல்லாம் தயாராக இருக்கும். அந்த அனுபவத்தை வைத்துத்தான் அரை மணி நேரம் என்று எழுதினேன். ஊர் ஊராகப் போய், அவரவர் வீட்டு லேப்டாப்பில் ஏற்றிக்கொடுத்துச் சொல்லித்தருவது என்று சென்டர் முடிவு செய்தபோதும் அந்த வரியை நான் மாற்றவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடம் முன்னால் அப்படிப் போன முதல் ஊர், செங்கல் என்ற ஊருக்கும் பாறசாலைக்கும் நடுவில் இருக்கிறது. வாசகசாலையின் மாடி ஹால். எட்டு சனிக்கிழமை, காலை பத்திலிருந்து ஒரு மணி வரை, பைத்தான் என்ற புரோகிராம் மொழியின் அரிச்சுவடி. பதினொரு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். வாசகசாலைச் செயலாளர் கடைசி வரிசையில் ஒரு நோட்டோடு உட்கார்ந்திருந்தார். அவர் கமிட்டிக்கு நல்லபடியாக எழுதிக் கொடுத்தால் பக்கத்து ஊர்களிலும் வகுப்பு கிடைக்கும். இல்லையென்றால் அந்த வகுப்புகளை நம்பி சென்டரில் புதிதாக எடுத்திருந்த இரண்டு பெண்களுக்கு வேலை இருக்காது. அந்த இருவரும் அன்று காலை எனக்கு வாழ்த்துச் சொல்லி அனுப்பிய செய்தி என் போனில் இருந்தது. அதை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் மாடி ஏறினேன்.

பத்தரைக்கு எல்லாம் முடித்துப் பாடம் தொடங்குவது என் திட்டம். பத்தரைக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

ஹாலில் இன்டர்நெட் வேலை செய்யவில்லை. என் போனிலிருந்தே எல்லோருக்கும் இணைப்புக் கொடுத்தேன். எல்லை ஊர் என்பதால் ஜன்னல் பக்கம் போனால் என் போன் தமிழ்நாட்டு டவருக்குப் போய்விடும், கதவுப் பக்கம் வந்தால் கேரளத்துக்குத் திரும்பிவிடும். பதினொரு பேரும் ஒரே நேரத்தில் இறக்கத் தொடங்கியதும், பதினொரு திரையிலும் பச்சைக் கோடு ஒரு நெல்மணி அளவுக்கு நகர்ந்து அப்படியே நின்றது. நல்லவேளையாகப் பையில் பென் டிரைவ் இருந்தது. அதில் கொஞ்சம் பழைய பதிப்பு ஒன்று இருந்தது. அதைக் கொண்டு ஒவ்வொரு மேசையாகப் போக ஆரம்பித்தேன்.

தையல் கடை நடத்தும் லதிகாவின் லேப்டாப் எந்த இணையதளத்தையும் திறக்க மறுத்தது. எல்லாமே ஆபத்தானவை என்று சிவப்பில் எச்சரித்தது. கால் மணி நேரம் தேடிய பிறகுதான் மூலையில் இருந்த தேதியைப் பார்த்தேன். உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்துப்போய், அந்த மெஷின் பத்து வருடத்துக்கு முந்தைய ஒரு நாளில் நின்றிருந்தது. இன்றைய தளங்களின் சான்றிதழ்கள் எல்லாம் அதன் கணக்கில் இன்னும் பிறக்கவே இல்லை. நான் விஷயத்தைச் சொல்லித் தேதியை மாற்றப் போனேன். லதிகா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பிடியே கெடக்கட்டு டீச்சரே. அதுக்கக் கணக்கில எனக்கு இன்னும் நாப்பது வயசு ஆகல்ல."

பக்கத்து மேசையில் மாதவன் சார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நிபந்தனைகளை ஏற்கிறேன் என்று அமுக்கச் சொன்ன இடத்தில் அவர் அமுக்கவில்லை. நிபந்தனைகளைத் திறந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார். நான் இரண்டு முறை வந்து பார்த்தேன். முதல் முறை நாலாவது பத்தியில் இருந்தார். இரண்டாம் முறை மூன்றாவது பத்தியில் இருந்தார். ஒரு வார்த்தை சரியாக விளங்காமல் திரும்பிப் போயிருக்கிறார். யாரும் இதைப் படிப்பதில்லை சார் என்றேன். படிக்காததில் ஒருவர் எப்படிச் சம்மதம் சொல்ல முடியும் என்று கேட்டார்.  நான் அடுத்த மேசைக்கு நகர்ந்தேன்.

இன்ஸ்டால் செய்யும் திரையின் அடியில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதில் டிக் போடாவிட்டால் பைத்தான் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்கே தெரியாது. நான் மூன்று முறை சத்தமாகச் சொன்னேன். ஆறு பேர் போட்டார்கள். மற்றவர்கள் போட்டதாகச் சொன்னார்கள்.

மணி பதினொன்று. செயலாளர் நோட்டில் ஏதோ எழுதினார்.

நான் ஞானதாஸ் அண்ணன் மேசைக்கு வந்தது அப்போதுதான். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வழியாகக் கள்ளிக்காடு வரைக்கும் அவர் விசில் கேட்காத ஆள் இல்லை என்பார்கள். மகன் வளைகுடாவுக்குப் போகும்போது விட்டுப்போன பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்திருந்தார். டிஸ்க் நிரம்பி, இடம் காட்டும் கோடு முழுவதும் சிவப்பாக இருந்தது. இன்ஸ்டால் பாதியில் நின்று, இடம் வேண்டும் என்று கேட்டது. அண்ணன் அங்கே இல்லை. போன் வந்தது என்று கீழே இறங்கிப் போயிருந்தார்.

இப்போது நான் செய்ததைக் கவனமாகக் கேளுங்கள். அவசரத்தில் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். நன்றாக யோசித்துத்தான் செய்தேன். அதுதான் இதில் மோசமான விஷயம்.

டிஸ்கில் எது பெரிதாக இருக்கிறது என்று பார்த்தேன். கேம்கள் இருந்தன. அவை வீட்டுப் பிள்ளைகளுடையதாக இருக்கும், தொடக்கூடாது என்று விட்டேன். சினிமாக்கள் இருந்தன. அவை அண்ணனுடையதாக இருக்கும் என்று அவற்றையும் விட்டேன். டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டர் இருந்தது. பெயர் "வேஸ்ட்". சொந்தக்காரரே தன் கையால் எழுதி வைத்த தீர்ப்பு. குப்பைத்தொட்டிக்கு அனுப்பினால் இடம் காலியாகாது என்பதால், ஒரேயடியாக அழிக்கும் விசையை அமுக்கினேன். நிச்சயமாக அழிக்கட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆமாம் என்றேன். அது என்னைக் கேட்டது, அவரை அல்ல என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

சிவப்புக் கோடு நீலமாக மாறியது. உண்மையைச் சொன்னால், மனசுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மறுபடியும் இன்ஸ்டாலைத் தொடங்க விரலை வைக்கிறேன், அண்ணன் படியேறி வந்தார். உட்கார்ந்து திரையைப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார்.

"டீச்சரே, இங்க ஒரு வேஸ்ட் கெடந்துதே. அது எங்க?"

"எடம் இல்லாம இருந்து அண்ணே. அதை எடுத்துக் களஞ்சேன்."

அவர் சிரித்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருக்கிறார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவர் சிரிப்பு மெதுவாக நின்றது.

"வேஸ்ட்டுன்னு பேரு போட்டா ஒருத்தரும் தொடமாட்டாங்கன்னாக்கும் நான் நெனச்சேன்," என்றார். "பேரப்பிள்ளைங்க கேம் ஏத்த எடம் இல்லன்னா கையில கிட்டுனதை எல்லாம் அழிக்கும். இதை மட்டும் தொறந்துகூடப் பாக்காது. ரெண்டு வருசமா அப்பிடியே கெடந்து."

அதற்குள் என்ன இருந்தது என்று கேட்டேன்.

"ரத்தமாக்கும் டீச்சரே."

விளக்கிச் சொன்னார். ஓய்வு பெற்ற பிறகு அவர் வீடு வீடாக நடந்து, ரத்தம் கொடுக்கத் தயாராக இருப்பவர்களின் பெயர், ரத்த வகை, போன் நம்பர் எல்லாம் நோட்டில் எழுதி வாங்கியிருக்கிறார். அறுநூறு பேருக்கு மேல். நோட்டைச் செதல், அதாவது கறையான், அரிக்க ஆரம்பித்ததும் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து லேப்டாப்பில் போட்டு, ஒரு பகுதியை டைப்பும் செய்து வைத்திருந்தார். சுற்றுவட்டாரத்தில் யாருக்கு ரத்தம் வேண்டுமென்றாலும் அவருக்குத்தான் போன் வரும். படங்களைப் புரட்டித் தேடுவதற்குள் நேரம் போய்விடுகிறது, வகையைச் சொன்னால் ஆட்களைக் காட்டும்படி ஒரு புரோகிராம் எழுத வேண்டும், அதற்காகத்தான் இந்த வகுப்புக்கே வந்தேன் என்றார்.

நோட்டு இருக்கிறதா என்று கேட்டேன். செதல் மிச்சம் வைக்கவில்லை.

 மாதவன் சார் நிபந்தனைகளிலிருந்து தலை நிமிர்ந்தார்.

"டீச்சர் அவருட்ட கேட்டிட்டா அழிச்சிய?"

கேட்டதில் கோபமோ குத்தலோ இல்லை. கணக்கில் ஒரு படி விட்டுப்போயிருக்கிறதே என்று மாணவனிடம் கேட்பதைப் போலத்தான் கேட்டார். 

அந்த நேரத்தில் எனக்குள் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன், உங்களுக்கும் ஒரு நாள் ஓடும். முதலில் அவர் மேல் கோபம் வந்தது. விலைமதிப்பில்லாததற்கு யாராவது வேஸ்ட் என்று பெயர் வைப்பார்களா? அதை வாய்வரை கொண்டுவந்துவிட்டேன். அடுத்ததாக, பிறகு பார்த்துக்கொள்ளலாம், இப்போதைக்கு இன்ஸ்டாலை முடித்துவிடலாம் என்று தோன்றியது. பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள், செயலாளர் இருக்கிறார், வேலை நடப்பது போலாவது இருக்குமே. விரல் இன்னும் அந்த விசையின் மேல்தான் இருந்தது.

அதை அமுக்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அழித்தது உடனே போய்விடுவதில்லை. அது இருந்த இடம் காலி என்று மட்டும் கம்ப்யூட்டர் குறித்துக்கொள்ளும். அடுத்து எதையாவது ஏற்றினால் அந்த இடத்தில்தான் போய் உட்காரும். நான் ஏற்றப் போகிற ஒவ்வொரு துண்டும் யாரோ ஒருவருடைய பெயரின் மேல் உட்காரும். இதைப் பிறருக்கு வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தவள் நான். எனக்கு நினைவு வர இரண்டு மூச்சு விடும் நேரம் தேவைப்பட்டது.

விரலை எடுத்தேன். கம்ப்யூட்டர் தானாகக்கூட எதையும் எழுதிவிடாதபடி சார்ஜர் வயரைப் பிடுங்கி, லேப்டாப்பைக் கவிழ்த்தேன், பேட்டரியைக் கழற்றி மேசையில் வைத்தேன். லதிகா வாயைப் பொத்திக்கொண்டார். பார்த்தவர்களுக்கு நான் குற்றத்தை மறைக்க மெஷினையே கொன்றுவிட்டது போல இருந்திருக்கும்.

"அண்ணே, தப்பு எனக்கது. உங்களுட்ட கேக்காம அழிச்சிட்டேன். இதை இனி ஒருத்தரும் தொடண்டாம், நானும் தொடமாட்டேன். சென்டருக்குக் கொண்டு போயித் திரும்ப எடுத்துப் பாக்குதேன். எல்லாம் கிட்டும்னு நான் சொல்லமாட்டேன்."

எல்லோர் முன்னாலும், செயலாளர் காதில் விழும்படிதான் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அண்ணன் பேட்டரியை எடுத்து, பஸ்ஸில் யாரோ விட்டுப்போன பொருளைப் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அவர் போன் அடித்தது.

நெய்யாற்றின்கரையில் ஒரு ஆஸ்பத்திரி. பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்கு ரத்தப்போக்கு. ஓ நெகட்டிவ் வேண்டும். அந்த வகை அன்று கையிருப்பில் இல்லை. பேசியது அந்தப் பெண்ணின் அண்ணன். ஞானதாஸ் அண்ணனின் போன் பழையது, அடுத்த ஆள் பேசுவது மூன்று மேசை தள்ளி இருப்பவருக்கும் கேட்கும். அதனால் எல்லோருக்கும் கேட்டது.

"பத்து மினிட்டு தா மக்கா," என்று சொல்லி வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

ஞானதாஸ் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். ஜெபம் செய்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான் உதடு அசைவதைக் கவனித்தேன். ஊர்ப் பெயர்கள். பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை. நிறுத்தம் நிறுத்தமாகப் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பெயர் நினைவில் நிற்காது, இறங்கும் இடம் நிற்கும் என்று பிறகு சொன்னார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிறுத்தி, அங்கே எந்த வீட்டில் ஓ நெகட்டிவ் எழுதினோம் என்று பார்த்துக்கொண்டே போனார்.

"அஞ்சு பேரு உண்டு," என்றார் கண்ணைத் திறக்காமலே. "எழுதிக்கிடுங்க."

மாதவன் சார் நோட்டை எடுத்துவிட்டார்.

போன் நம்பர் மட்டும் அண்ணன் தலையில் இல்லை. ஆனால் ஆளின் அடையாளம் கிடைத்தால் எங்கள் வகுப்புக்குப் போதுமானதாக இருந்தது. உதியன்குளங்கரையில் கோயில் பக்கத்தில் ஓட்டு வீட்டுக்காரர் என்றால், அவர் மனைவியின் பிளவுஸ் லதிகா கடையில் தைக்கக் கிடக்கிறது, நம்பர் பில் புத்தகத்தில் இருக்கிறது. கடைக்குப் போன் போட்டு வாங்கினார். அந்த ஆள் வளைகுடாவில் இருந்தார். அமரவிளை ஆளுக்குப் போன மாதம் மஞ்சள்காமாலை. மூன்றாமவர் போனை எடுக்கவே இல்லை. நாலாவது ஆளின் பெயரைக் கேட்டதும் மாதவன் சார், அவன் எனக்க கிளாஸில் படிச்சவன் என்று தானே பேச முன்வந்தார்.

அந்த ஆளுக்கு நாற்பது வயசு தாண்டியிருக்கும். மாதவன் சார் தன் பெயரைச் சொன்னதும் அந்தப் பக்கத்திலிருந்து மெல்லிய குரலில், சார், நான் இப்போ ஒண்ணும் செய்யல்ல, என்று கேட்டது. ஒன்றும் செய்யவில்லை என்றால் உடனே கிளம்பி நெய்யாற்றின்கரைக்குப் போ என்றார் சார். எதற்கு என்று அந்த ஆள் கேட்கவே இல்லை. சரி சார் என்று வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டு, ரத்தம் கொடுப்பதற்காக என்று நாங்கள்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவருக்குப் பெரிய நிம்மதி.

ஐந்தாவது, கள்ளிக்காட்டில் ஒரு ஆட்டோக்காரர். அவருடைய நம்பரைச் செயலாளர் கண்டுபிடித்தார். கடைசி வரிசையிலிருந்து எழுந்து வந்து, மதிப்பெண் போடுவதற்காகத் திறந்து வைத்திருந்த நோட்டிலேயே நம்பரை எழுதி நீட்டினார். ஆட்டோக்காரர் சவாரியை இறக்கிவிட்டு நேராகப் போவதாகச் சொன்னார்.

பன்னிரண்டரை மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. இருவருமே வந்து சேர்ந்துவிட்டார்கள். தாய்க்கு ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். குழந்தை நன்றாக இருக்கிறது. ஹாலில் யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் நாற்காலியில் சாய்ந்தார்கள், அவ்வளவுதான்.

அன்று நான் பாடம் எடுக்கவில்லை. நாலு மெஷினில் பைத்தான் ஏறவே இல்லை. மாதவன் சார் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. அந்த இரண்டு பெண்களின் வேலை போனது என்று நினைத்துக்கொண்டு பையை எடுத்தபோது செயலாளர் பக்கத்தில் வந்தார். அடுத்த சனிக்கிழமையும் இதுபோலத்தான் இருக்குமா என்று கேட்டார். இருக்காது என்று வாக்குக் கொடுத்தேன். கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் போனார்.

அந்த டிஸ்கைச் சென்டரில் கழற்றி, வேறு மெஷினில் மாட்டி, அதில் எதையும் எழுதாமல் படிக்க மட்டும் செய்து எடுத்தோம். பழைய காலத்துச் சுழலும் டிஸ்க் என்பதால் பிழைத்தேன். இப்போது நீங்கள் பார்க்கும் புது வகை என்றால் அழித்த கையோடு போயிருக்கும், என் பேட்டரி வித்தையெல்லாம் பலித்திருக்காது. படங்களில் பெரும்பகுதி திரும்பி வந்தது, ஃபைல் பெயரெல்லாம் போய் வெறும் எண்களாக. சில படங்கள் பாதிக்கு மேல் சாம்பல் நிறமாக இருந்தன. அவர் டைப் செய்தது திறந்தால் கிறுக்கலாக வந்தது.

போன் செய்து உள்ளதை உள்ளபடி சொன்னேன். சாரமில்ல டீச்சரே, விடுங்க, அழிஞ்சுபோன வீடுகளுக்கு நான் பின்னயும் நடப்பேன் என்றார். நானும் வருகிறேன் என்றேன். அந்த வாரம் பத்தொன்பது வீடுகளுக்கு அவரோடு நடந்தேன். ஒவ்வொரு வாசலிலும் அவர் என்னை ஒரே மாதிரி அறிமுகப்படுத்தினார்.

"இது கம்ப்யூட்டர் டீச்சராக்கும். உங்களை எடுத்துக் களஞ்சது இவங்கதான்."

பதினெட்டு வீட்டில் எனக்குக் குடிக்க வெள்ளமோ சாயாவோ கொடுத்தார்கள். ஒரு வீட்டில் மட்டும், எதற்காக என்று விளங்காமல், மன்னிப்புக் கேட்டார்கள்.

வகுப்பின் போக்கை அதற்குப் பிறகு மாற்றினேன். நான் தயாரித்து வைத்திருந்த கூட்டல் கழித்தல் பயிற்சிகளை ஓரமாக வைத்தோம். ஞானதாஸ் அண்ணன் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து சம்மதம் கேட்ட பிறகு, படங்களைப் பதினொரு பங்காகப் பிரித்து ஆளுக்கு ஒரு பங்கை டைப் செய்தார்கள். மாதவன் சார் இரண்டாம் சனிக்கிழமை நிபந்தனைகளைப் படித்து முடித்து, ஒரு இடத்தில் மட்டும் தனக்கு மாற்றுக் கருத்து உண்டு என்று பதிவு செய்துவிட்டு, சம்மதம் கொடுத்தார். லதிகா தேதியைத் தானே சரிசெய்துகொண்டார். ஏழாவது சனிக்கிழமை புரோகிராம் ஓடியது. இருபது வரிக்கும் குறைவு. ரத்த வகையைக் கேட்கும், பட்டியலில் தேடும், ஆட்களைக் காட்டும்.

எட்டாவது சனிக்கிழமை கமிட்டி முழுவதும் வந்திருந்தது. புரோகிராமை ஓட்டிக்காட்ட அண்ணன்தான் உட்கார்ந்தார். செயலாளர் ஓ நெகட்டிவ் தேடச் சொன்னார். அண்ணன் ஒற்றை விரலால் அடித்தார். திரையில் பெயரும் நம்பருமாக மூன்று பேர் வந்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அண்ணன் தட்டவில்லை.

"அஞ்சு பேரு உண்டு டீச்சரே," என்றார். "ரெண்டு பேரு எங்க?"

கைதட்டல் தேய்ந்து நின்றது. புரோகிராம் எந்தப் பிழையும் சொல்லவில்லை. நடுவில் நிற்கவும் இல்லை. சிவப்பு எழுத்து ஒன்றும் இல்லை. தைரியமாக மூன்று என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குக் காத்திருந்தது. தலைக்குள் அந்தப் பட்டியல் இருந்த ஒரே ஆள் அங்கே இல்லாமல் இருந்திருந்தால், மூன்று பேர்தான் என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருப்போம். ஒரு நாள் அந்த மூன்று பேரும் கிடைக்காமல் போயிருந்தால், வேறு ஆள் இல்லை என்று சொல்லிப் போனை வைத்திருப்போம்.

என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு அரை நிமிடத்தில் ஒரு ஊகம் வந்துவிட்டது. கமிட்டி பார்த்துக்கொண்டிருக்கிறது. எட்டிப் போய் இரண்டு விசை தட்டினால் போதும். கை அந்தப் பக்கம் போகவும் செய்தது. பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டேன். காணாமல் போன இரண்டு பேரும் யாருடைய பங்கில் இருந்தவர்கள் என்று மட்டும் கேட்டேன்.

அண்ணன் பட்டியலைத் திறந்து நகர்த்திக்கொண்டே போனார். கமிட்டியில் ஒருவர் கொட்டாவி விட்டார். நாலைந்து நிமிடம் இருக்கும், எனக்கு ஒரு மணி நேரம் போலப் போனது. ஒரு வரியில் நின்று திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோனார். பிறகு மெதுவாகத் திரும்பி மாதவன் சாரைப் பார்த்தார்.

"சாரே, இது ஓ-வா, சைபரா?"

மாதவன் சார் எழுந்து வந்து பார்த்தார். சைபர்தான் என்றார். தெரிந்தேதான் அடித்திருக்கிறார். அவர் பங்கில் இருந்த ஓ வகைக்காரர்கள் அத்தனை பேருக்கும், பாசிட்டிவ் நெகட்டிவ் பார்க்காமல், பூஜ்யம் போட்டிருந்தார். ரத்தத்தில் ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை என்றால் அங்கே இருப்பது பூஜ்யம்தானே, அதை எழுத்து என்று எழுதுவதுதான் தவறு என்று கமிட்டிக்கு விளக்கினார். சில நாடுகளில் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்று நான் பிற்பாடு தெரிந்துகொண்டேன். அன்று எனக்கு அது தெரியாது, தெரிந்திருந்தாலும் அந்த இடத்தில் சொல்லியிருக்க மாட்டேன்.

பட்டியலில் பூஜ்யத்தை எல்லாம் திருத்தச் சொல்லலாம். ஆனால் அடுத்த வருடம் வேறு ஒருவர் வந்து மறுபடி பூஜ்யம் போடுவார். அண்ணன் தாடையைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு புரோகிராமைத் திறந்து, தேடுவதற்கு முன்னால், ரத்த வகையில் எங்கே பூஜ்யம் கண்டாலும் அதை ஓ என்று எடுத்துக்கொள் என ஒரு வரி சேர்த்தார். நான் சொல்லித்தராத வரி. அடைப்புக்குறி ஒன்றை விட்டுவிட்டு, பிழை வந்து, தானே பார்த்துப் போட்டார். மறுபடி ஓட்டினார்.

ஐந்து பேர் வந்தார்கள். ஞானதாஸ் அண்ணன் திரையில் விரலை வைத்து, ஒவ்வொருவராக எண்ணி முடித்த பிறகுதான் கையைத் தட்டினார்.